முகத்துவாரம் வெட்டும் முன்: படுவான்கரைக் கமக்காரருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரி வேளாண்மை செய்யும் கமக்கார அமைப்புகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன்.

கார்த்திகை மழை இறங்கி, நவகிரிக் குளத்தின் வான்கதவுகள் திறபட்டு, மண்டூர்–வெல்லாவெளி வீதியில் தண்ணீர் ஏறும் நாட்களில் நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான்: முகத்துவாரத்தை வெட்டுங்கள். பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிய, இலை முழுவதும் சேறு படிந்து தண்ணீருக்குள் நாலைந்து நாள் கிடந்தால் என்னவாகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விதைநெல், உழவுகூலி, உரம், அடகு வைத்த நகை எல்லாமே அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கின்றன. ஆகவே வெட்டச் சொல்வதில் பிழை காண நான் வரவில்லை. பெரியகல்லாற்றிலோ பாலமீன்மடுவிலோ மணல்திட்டை அறுத்து வாவியைக் கடலில் விடுவதைத் தவிர வேறு வழியில்லாத ஆண்டுகள் உண்டு. நான் உங்களோடு பேச விரும்புவது, வெட்டுவதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைப் பற்றி. வயல் பல்லாயிரம் ஏக்கர், வெட்டினால் தொழில் இழக்கும், வாவியில் வலை வீசுகிறவர்கள் கொஞ்சப்பேர். கூடுதலானவர்களின் நன்மைக்காகக் குறைந்தவர்கள் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும் என்கிறீர்கள். கேட்டவுடன் மறுக்க முடியாத இந்த நியாயத்துக்குள் இன்னும் தீர்க்காத ஒரு கடன் இருக்கிறது. அதை நீங்கள் தீர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் சொல்லும் நியாயத்துக்குப் பயன்வாதம் என்று பெயர். அதை ஒரு கோட்பாடாக வகுத்தவர் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் (1748–1832). ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை வழக்கத்தையோ வேதத்தையோ கேட்டு அறிய வேண்டாம். அது விளைவிக்கும் இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் போதும் என்று 1789இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும், எவரும் ஒன்றுக்கு மேல் எண்ணப்படக் கூடாது என்பது அவருடைய விதியாகச் சொல்லப்படுகிறது. இது எங்கோ லண்டனில் நடந்த பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பெந்தமின் சீடரான சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்கோடு சேர்ந்து இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய அனுப்பப்பட்ட ஆணைக்குழுவில் இருந்தவர். அவர்கள் இருவரின் அறிக்கைகளைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் நாடு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. இன்று நாம் கடிதத்தில் விலாசம் எழுதும்போது போடும் கிழக்கு மாகாணம் என்ற பெயரே அந்தச் சீர்திருத்தத்தில் பிறந்தது.

இந்தக் கோட்பாட்டின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிலக்காரரான போடியாரையும் அவரிடம் வேலை செய்யும் வயற்காரனையும் ஒரே தட்டில் வைத்து ஆளுக்கு ஓர் எண் என்று சொல்லும் கணக்கு, எங்கள் பகுதியின் பழைய ஒழுங்கில் இருந்ததில்லை. இன்ன குடிக்கு இன்ன உரிமை என்று பிறப்பைப் பார்த்து வகுத்த ஊரில் இந்தக் கணக்கு ஒரு விடுதலை. வெள்ளக்காலத்தில் எண்ணாமல் முடிவெடுக்கவும் முடியாது. 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திலும் 2011 தைமாத வெள்ளத்திலும் எந்த ஊருக்கு முதலில் படகு போவது, எந்தக் குளத்தின் கதவை எப்போது திறப்பது என்று யாரோ எண்ணித்தான் தீர்மானித்திருக்க வேண்டும். எண்ணக் கூடாது என்று சொல்கிறவர்கள் கடைசியில் குரல் பெரிதானவர்களிடம் முடிவை ஒப்படைத்துவிடுவார்கள். எனவே எண்ணுங்கள். ஆனால் எண்ணத் தொடங்கினால் முழுதாக எண்ண வேண்டும், எண்ணி வந்த விடைக்குக் கட்டுப்படவும் வேண்டும்.

நீங்கள் இப்போது எண்ணுவது எதை? ஏக்கரை. கமநல சேவைகள் நிலையத்தில் பதிவானது இத்தனை ஏக்கர், தண்ணீருக்குள் இருப்பது இத்தனை ஏக்கர் என்ற கணக்கோடுதான் கூட்டத்துக்குப் போகிறீர்கள். ஏக்கருக்கு வலிக்காது, வலிப்பது மனிதருக்கு. இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகம் போனால் பெரும் நட்டம், ஆனால் அடுத்த போகம் வரை அடுப்பு எரியும். இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அதே வெள்ளம் கழுத்தை இறுக்கும் கடன். இரவில் இடுப்பளவு தண்ணீரில் விளக்கோடு இறங்கி, அத்தாங்கு போட்டு இறால் வடிப்பவருக்கோ மறுநாள் அரிசி வாங்குவதே அந்த இறாலை விற்றுத்தான். பணம் கூடக்கூட அது தரும் சுகம் அதே அளவில் கூடுவதில்லை என்று பெந்தமே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் வசதியானவரின் கையிலிருந்து போகும் ஆயிரம் ரூபாயும் இல்லாதவரின் கையிலிருந்து போகும் ஆயிரம் ரூபாயும் அவருடைய கணக்கில் ஒன்றாக முடியாது. ஏக்கரை வைத்துக் கூட்டும்போது இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துவிடுகிறது. பயன்வாதத்தின் பெயரில் செய்யப்படும் அந்தக் கூட்டல் பயன்வாதமே ஏற்காத கூட்டல். வேளாண்மை முடிந்ததும் வலை எடுக்கிறவர்கள், உங்கள் வட்டையில் கூலிக்கு அறுத்துவிட்டு இரவில் வாவிக்கு இறங்குகிறவர்கள் படுவான்கரையிலேயே இருக்கிறார்கள். ஒரே வீட்டின் இரண்டு வருமானங்களில் ஒன்று எண்ணப்படுகிறது, மற்றது எண்ணப்படாமல் போகிறது. அடுத்த தலைமுறையில் வந்த ஜோன் ஸ்ருவர்ட் மில் இன்பங்களுக்குள் தரவேறுபாடும் உண்டு என்று 1861இல் எழுதி அளவை இன்னும் சிக்கலாக்கினார். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் நம்முடைய வழக்கைத் தீர்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இழப்பு கண்ணுக்குத் தெரியும் விதத்திலும் ஓரவஞ்சனை இருக்கிறது. அழிந்த வயலைப் படம் பிடிக்கலாம், அளக்கலாம், கிராம அலுவலரைக் கூட்டிவந்து காட்டலாம். வலையில் படாமலே போன இறாலை யாருக்குக் காட்டுவது? முகத்துவாரம் வெட்டும் இடத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பெக்கோ இயந்திரம் மணல்திட்டில் ஒரு வாய்க்காலளவு கீறுகிறது. முதலில் கணுக்காலளவு தண்ணீர் நெளிந்து போகும். பிறகு தண்ணீரே வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாகச் சரிய, சில மணிநேரத்தில் அது ஆள் இறங்க முடியாத ஆறாகிவிடும். அதற்குப் பிறகு எந்த அதிகாரி உத்தரவிட்டாலும் மூட முடியாது. மழை ஓய்ந்து, வாவியின் இழுவை தணிந்து, கடலலை மணலை மறுபடி ஒதுக்கும்வரை அது திறந்தே கிடக்கும். வாவியில் வளர்ந்த இறாலும் மீனும் அந்த இழுவையோடு கடலுக்குப் போகின்றன. முகத்துவாரத்தடியில் வலை வைத்திருப்பவருக்கு அன்றைக்கு நல்ல பாடு கிடைக்கலாம். உள்ளே தள்ளி வாழ்கிறவருக்குப் பல வாரத்துத் தொழில் போய்விடுகிறது. மழை இடையில் நின்றுவிட்டாலோ உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். கரையோரத் தாழ்ந்த வயலுக்கும் கிணற்றுக்கும் அது நல்லதில்லை. விளைவை வைத்தே செயலை அளக்கச் சொல்லும் கோட்பாடு, விளைவு தெரியாத இடத்தில் தடுமாறுகிறது. திருப்பி எடுக்க முடியாத செயலில் அந்தத் தடுமாற்றம் இன்னும் கூடுகிறது. அவசரத்தில் வெட்டிவிட்டு மூன்றாம் நாள் வானம் வெளித்த ஆண்டில் அந்தத் தவறின் விலையை யார் கொடுப்பது? நீங்கள் கொடுப்பதில்லை.

இனி நான் மிகப் பெரிதாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். சரியாகவே எண்ணி, எல்லோரையும் சேர்த்து, வெட்டுவதால் வரும் நன்மையே பெரிது என்று விடை வந்ததாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளில் அப்படித்தான் வரும் என்று நானும் நம்புகிறேன். அப்போதும் கூட்டுத்தொகை ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது: நன்மை யாருக்கு, தீமை யாருக்கு என்பதை. நீங்கள் புரட்டாதி வெயிலில் உழுது விதைத்துப் படும் பாட்டை மாசி அறுவடை ஈடுசெய்கிறது. பாடும் பலனும் ஒரே ஆளுக்குரியவை. அத்தாங்குக்காரர் இழந்ததை உங்கள் அறுவடை ஈடுசெய்வதில்லை, ஏனென்றால் அது வேறொரு மனிதரின் வாழ்க்கை. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளிவந்த நீதிக் கோட்பாட்டு நூலில் பயன்வாதத்தின் மேல் வைத்த முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்: அது மனிதர்கள் தனித்தனி மனிதர்கள் என்பதைப் போதுமான அளவு பொருட்படுத்துவதில்லை, ஊரையே ஓர் உடம்பாக நினைத்துக் கணக்குப் பார்க்கிறது. நம் பக்கத்திலும் இந்த உணர்வு பழையது. எல்லாளன் அரண்மனையில் கட்டியதாக மகாவம்சம் சொல்லும் ஆராய்ச்சி மணியை ஒரு பசு அடித்தாலும் அரசன் வந்து கேட்க வேண்டியிருந்தது. முறையிட வந்தவர் எத்தனை பேர் என்று அந்த மணி கேட்கவில்லை.

பயன்வாதத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை ஒட்டிய பொருளியலில் இந்தக் குறையைத் தீர்க்க உதவும் ஒரு வழி காட்டப்பட்டது. 1939இல் நிக்கலஸ் கால்டோர், ஜோன் ஹிக்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு சோதனையை முன்வைத்தார்கள். ஒரு மாற்றத்தால் இலாபம் அடைகிறவர்கள், நட்டம் அடைகிறவர்களுக்கு முழுவதையும் ஈடுசெய்த பிறகும் கையில் மிச்சம் இருக்குமானால் அந்த மாற்றம் நல்லது என்றார்கள். பல அரசாங்கங்கள் அணை கட்டும்போதும் வீதி போடும்போதும் இன்றுவரை இந்தச் சோதனையை ஒட்டிய கணக்கைத்தான் பார்க்கின்றன. அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: ஈடுசெய்ய முடியும் என்றால் போதும், செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம்முடைய வாவிக்கரையில் நடப்பது அச்சாக இதுவே. உங்கள் வேளாண்மை தப்பியதால் வந்த பலனில் மிகச் சிறு பங்கு வாவித் தொழிலாளரின் இழப்பை ஈடுசெய்யப் போதும். அந்த வல்லமை உங்களிடம் இருப்பதால்தான் வெட்டுவது நியாயமாகிறது. வல்லமையை மட்டும் காட்டி நியாயத்தை வாங்கிக்கொண்டு, ஈட்டைக் கொடுக்காமல் வீட்டுக்குப் போவது கடன் சொல்லிச் சாமான் வாங்கிவிட்டுக் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பதற்குச் சமம். பெந்தமும் இதை ஏற்கமாட்டார். ஒருவர் தன் உழைப்பின் பலன் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்த்திருக்க, சட்டமோ அரசோ அதைப் பறித்தால் உண்டாகும் ஏமாற்றம் தனியொரு துன்பம், அதைத் தடுப்பது சட்டத்தின் கடமை என்று அவர் வலியுறுத்தினார். பதவிகளை ஒழிக்கும்போதுகூட அவற்றில் இருந்தவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றவர் அவர்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளை நான் இலேசாக எடுக்கவில்லை. மீனவரும் சோறுதானே தின்கிறார், நெல் தப்பினால் அவருக்கும் நன்மைதானே என்பீர்கள். நெல் தப்பினாலும் அவர் அரிசியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்; அந்தக் காசுதான் கடலுக்குப் போய்விட்டது. ஒரு வருடம் நாங்கள் இழக்கிறோம், ஒரு வருடம் அவர்கள், மொத்தத்தில் சமமாகிவிடும் என்பீர்கள். வெள்ளம் வந்த ஆண்டில் உங்களில் தாழ்ந்த வயல்காரரும் இழக்கிறார், வாவித் தொழிலாளரும் இழக்கிறார். வெள்ளம் வராத ஆண்டில் வாவித் தொழிலாளர் உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. எனவே அது மாறிமாறி வரும் சுமை ஆகாது. குருமண்வெளியிலும் கோட்டைக்கல்லாற்றிலும் பெரியகல்லாற்றிலும் வாவியை நம்பி இருக்கும் அதே குடும்பங்களின் தோளில்தான் திரும்பத்திரும்ப ஏறுகிறது.

வெள்ளம் கழுத்துக்கு வரும் நேரத்தில் உட்கார்ந்து ஞாயம் பேச முடியுமா என்பது உங்களின் பலமான மறுமொழி. முடியாது. ஆனால் அதனால்தான் வெள்ளத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பதைவிட, நீண்டகாலத்தில் அதிக நன்மை தரும் விதி எது என்று அமைதியான காலத்தில் எண்ணி, பிறகு அந்த விதியின்படி நடக்க வேண்டும் என்று பயன்வாதிகளில் ஒரு பிரிவினர் சொல்வது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. நடு இரவில் யாருடைய தொலைபேசிக்கு மாவட்டச் செயலாளர் முதலில் பதில் சொன்னார் என்பதை வைத்து முகத்துவாரம் வெட்டப்பட்டால் இரு கரையிலும் சந்தேகம்தான் மிஞ்சும். பட்டிருப்புப் பாலத்தில் தண்ணீர் இந்தக் கோட்டைத் தொட்டால் வெட்டுவது, தொடாவிட்டால் பொறுப்பது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவுகோல் இருந்தால் உங்களுக்கும் ஆறுதல், அவர்களுக்கும் ஆறுதல்.

மீனவர் இல்லாததையும் கூட்டிச் சொல்வார்கள் என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கலாம். பயிர்ச் சேதம் எழுதும்போது எந்த ஊரிலும் கையளவு வயல் கடலளவாவது உண்டு. பொய்க் கணக்குக்கு மருந்து பதிவு. அவர்களுடைய சங்கமே ஐப்பசியிலிருந்து நாளாந்த மீன்பாட்டை எழுதி வரட்டும். வெட்டுவதற்கு முந்தைய வாரங்களும் பிந்தைய வாரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இழப்பின் அளவு தெரிந்துவிடும். ஒரு ரூபாயும் பிசகாமல் வராது. ஆனால் பிசகு வரும் என்பதற்காகப் பூச்சியம் என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிசகு.

ஈடு கொடுப்பது அரசின் வேலை, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு இராசகாரியத்தின் கதையையே பதிலாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டாய ஊழியத்தை ஒழித்தது பெரிய நன்மை. அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அதே கட்டாயத்தின் கீழ்தான் பல கிராமங்களில் குளக்கட்டும் வாய்க்காலும் திருத்தப்பட்டு வந்தன. தனிமனிதரின் சுமையைக் கணக்கெடுத்தவர்கள், அந்தச் சுமை தாங்கி நின்ற பொதுவேலையைக் கணக்கெடுக்கவில்லை. பல குளங்கள் தூர்ந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாளர் எழுதியிருக்கிறார்கள். பிறகு தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் கமக்காரரின் பழைய வழக்கங்களையே மறுபடி சட்டமாக்க வேண்டி வந்தது. தூரத்து அரசு ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வருவதற்கும், தண்ணீரோடு வாழ்கிறவர்கள் தமக்குள் ஒழுங்கு செய்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களைவிட அறிந்தவர் யார்? வாய்க்கால் வெட்டும் முறை, கால்நடையை வட்டையிலிருந்து அகற்றும் நாள், வட்டைவிதானைக்குக் கொடுக்கும் பங்கு எல்லாம் நீங்களே பேசி முடித்துக் காப்பாற்றி வருபவை. அரசிடம் ஈடு கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அரசு தரும்வரை உங்கள் பங்கு நிற்க வேண்டியதில்லை.

ஆகவே இந்தப் பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி உங்களை வேண்டுகிறேன். விதைப்புத் திகதி தீர்மானிக்கும் அதே மேசைக்கு இரு கரையின் வாவி மீனவர் சங்கங்களையும் கூப்பிடுங்கள். பார்வையாளராக வேண்டாம், வாக்குள்ளவர்களாக. நீர்ப்பாசன அதிகாரியை வைத்துக்கொண்டு நீர்மட்ட அளவைத் தீர்மானியுங்கள். அந்த அளவு நெருங்கும்போது வெட்டுவதற்கு முன் வாவித் தொழிலாளருக்கு ஓர் இரவாவது அவகாசம் கிடைக்குமாறு அறிவித்தல் முறையொன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓர் இரவின் பாடு பல குடும்பங்களுக்குச் சில வாரத்தைக் கடத்தித் தரும். உயிராபத்து வந்தால் அவகாசம் பார்க்க வேண்டாம், அதையும் எழுதிவையுங்கள். முகத்துவாரம் வெட்டி வேளாண்மை தப்பிய ஆண்டில், களவெட்டியில் பங்கு பிரிக்கும்போது ஏக்கருக்கு ஐந்து கிலோ நெல்லை ஒதுக்குங்கள். ஆயிரம் ஏக்கரில் அது ஐயாயிரம் கிலோ. வெள்ளத்தில் தாமே அழிந்த தாழ்ந்த வயல்காரரிடம் எடுக்க வேண்டாம், தப்பியவர் கொடுக்கட்டும். அதை மீனவர் சங்கத்தின் பதிவேட்டைப் பார்த்து, கையில் தோணியும் இல்லாதவருக்கு முதலில் என்ற முறையில் பிரித்துக் கொடுங்கள். தொகை போதாதென்றால் அடுத்த ஆண்டு கூட்டலாம், கூடிவிட்டால் குறைக்கலாம். கூட்ட அறிக்கையை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைப் பிரதேச செயலகத்தில் ஒப்படையுங்கள். மற்றதை மீனவர் சங்கத்தின் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்